பேய் சாப்பிட வரும் வீடு

"ராமேஸ்வரமா? நீ கொடுத்து வைத்தவள்! தினமும் கோயில், தினமும் தீர்த்தம்!" என்றார்கள் என் பிறந்த வீட்டில். 2012-ம் வருஷம் ஜூன் மாதம் என் கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது நடந்த பேச்சு இது. நான் சேலத்துக்காரி. கடலைப் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். ஒன்பது வயதுப் பெண், ஆறு வயதுப் பையன், இருபது அட்டைப் பெட்டி, ஒரு கிரைண்டர்... எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு பாம்பன் பாலத்தைக் கடந்தோம்.

புது ஊருக்குக் குடித்தனம் போனால் நாம் முதலில் என்ன விசாரிப்போம்? தண்ணீர் எப்போது வரும், பால்காரர் யார், பள்ளிக்கூட வேன் எங்கே நிற்கும்... இதெல்லாம் நாம் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்காமலேயே சொல்லுகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊரில் பேய் எங்கே இருக்கிறது என்பதுதான் அது!

எங்கள் வீடு ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில், கடைசிக்கு முந்திய வீடு. கடைசி வீட்டில் ஓர் ஆத்தா இருந்தார். வயது அறுபதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். மகன் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். நாங்கள் வந்து இறங்கிய அன்றே ஒரு குடம் நல்ல தண்ணீரும், ஓலைக் கொட்டானில் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். "புதுத் தண்ணி பிள்ளைகளுக்கு ஒத்துக்கிற வரைக்கும் காய்ச்சிக் குடு தாயி" என்றார்.

ஒரு வாரத்தில் சந்துப் பெண்கள் எல்லோரும் பழக்கமாகிவிட்டார்கள். கூடவே கதைகளும் வந்தன. தனுஷ்கோடியில் இடிந்து கிடக்கிற மாதா கோயிலில் ராத்திரி மணிச் சத்தம் கேட்குமாம். மணல் மேட்டில் ஒரு பெண் தண்ணீர் கேட்டுக்கொண்டே பின்னால் வருவாளாம். புயலில் மூழ்கிய ரயில், அமாவாசை நடுராத்திரியில் விளக்கெல்லாம் எரிய ஓடுமாம். "பொழுது சாஞ்சா அங்கே வெளியாளுங்களைப் போலீஸே விடாது அக்கா. அப்போ ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். எங்கள் சேலத்தில் மட்டும் பேய்க்குப் பஞ்சமா? பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த புளியமரத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடந்தவள்தானே நான்!

ஆனால் இரண்டாவது வாரம் எனக்கே ஒன்று நடந்தது. விடியற்காலையில் விழிப்பு வந்தது. கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை. மார்பின் மேல் யாரோ உட்கார்ந்து அழுத்துவது போல இருந்தது. கூப்பிடப் பார்த்தால் குரல் வரவில்லை. அரை நிமிஷம் இருக்கும், பிறகு சரியாகிவிட்டது. எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். "அது அமுக்குவான் பேய். தலைமாட்டுல வெளக்கமாத்தை வச்சுட்டுப் படு" என்றார். சிரித்தவள்தான், அன்று ராத்திரி துடைப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு படுத்தேன்!

பையனுக்கு வந்த பயம்

மழைக்காலம் தொடங்கியதும் என் பையன் மாறிப்போனான். மூன்று வயதுக்குப் பிறகு படுக்கையை நனைக்காதவன், மறுபடி நனைக்க ஆரம்பித்தான். கொல்லைப்புறம் இருந்த கக்கூசுக்குத் தனியாகப் போகமாட்டான். எல்லாவற்றையும்விட, விடியற்காலையில் வரும் ரயிலின் ஊதல் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து நடுங்குவான். ரயிலடிப் பக்கத்தில் வீடு. ஊதல் கேட்காத நாள் ஏது?

முதலில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடித்தேன். "இவ்வளவு பெரிய பையன், வெட்கமாயில்லை?" என்று அவன் அக்கா முன்னால் வைத்தே திட்டினேன். தினம் போர்வை துவைக்கிற சலிப்பு. மழையில் காயவும் காயாது. தாய்மார்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. சந்துப் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள்: "உங்க பக்கத்து வீட்டுக்கு ராத்திரி பேய் சாப்பிட வரும். செத்துப்போன ரயில்ல வரும். ஆத்தா சோறு எடுத்து வைப்பாங்க."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. வீட்டில் பேய்க்குச் சோறு வைக்கிறார்களா? அன்றிலிருந்து பையனை அந்த வீட்டுக்குப் போகவிடவில்லை. ஆத்தா கொடுத்தனுப்பிய பனங்கிழங்கை, "வேண்டாம், பிள்ளைக்கு வயிறு சரியில்லை" என்று அவர் பேத்தி கையிலேயே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு ஆத்தா என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார், பேசமாட்டார்.

டாக்டர் சொன்னதும் ரயிலடி வைத்தியமும்

பையனை டாக்டரிடம் காட்டினோம். அவர் முதலில் சிறுநீரைப் பரிசோதனை செய்யச் சொன்னார். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று படுக்கையை நனைத்தால், சிறுநீரில் கிருமித் தொற்று போன்ற காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டுமாம். எங்கள் பையனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. "புது ஊர், புதுப் பள்ளி, கூடவே பேய்க்கதை. பயம்தான்" என்றார். "அடிக்காதீர்கள், அவமானப்படுத்தாதீர்கள். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. பயத்தை மறுக்கவும் வேண்டாம். 'பேயெல்லாம் கிடையாது, சும்மா இரு' என்று சொன்னால் குழந்தை சும்மா இருக்காது. உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்தும்" என்றார்.

தயங்கித் தயங்கி என் அமுக்குவான் கதையையும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. கனவு காணும் தூக்கத்தில் நம் கை கால் தசைகள் தளர்ந்து செயலற்று இருக்கும். கனவில் ஓடுகிறோம் என்று நிஜமாகவே எழுந்து ஓடிவிடாமல் இருக்க உடம்பு செய்திருக்கிற ஏற்பாடு அது. சில சமயம் மூளை விழித்துக்கொள்ளும், தசைகள் இன்னும் விழித்திருக்காது. அந்தக் கொஞ்ச நேரம்தான் பேய்! தூக்கம் கெட்டவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வருமாம். வீடு மாற்றிய அலுப்பில் நான் சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று! அன்றே துடைப்பம் கொல்லைப்புறத்துக்குத் திரும்பிப் போனது.

என் கணவர் ஒரு காரியம் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போனார். ஊதிக்கொண்டு வந்த ரயிலிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று காட்டினார். கம்பளி போர்த்திய தாத்தாக்கள், செம்பும் பையுமாக வடநாட்டு யாத்திரீகர்கள், அழுகிற கைக்குழந்தைகள். வீட்டுக்கு வந்து பையன் சொன்னான்: "அம்மா, எல்லாரும் டீ குடிக்கிறாங்க!" டீ குடிக்கிறவர்கள் பேயாக இருக்க முடியாதல்லவா?

தனுஷ்கோடியில் பார்த்தது

டிசம்பர் முதல் வாரம் தனுஷ்கோடிக்குப் போனோம். அப்போது இப்போது போல ரோடு கிடையாது. அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு 2017-ல்தான் திறந்தார்கள். நாங்கள் போனது மணலிலும் கடல் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கி ஓடும் வேனில். ஒரு பக்கம் வங்கக் கடல், ஒரு பக்கம் மன்னார் வளைகுடா.

போகும் வழியில் என் கணவர் பிள்ளைகளுக்கு ஊரின் கதையைச் சொன்னார். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் வந்த பிறகு, சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் மாறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடிக்கலாம். அதற்குப் பெயரே 'போட் மெயில்'. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஜேஜே என்றிருந்த ஊர்.

1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி புயல் வந்தது. இலங்கையைத் தாண்டி வந்த புயல், கடலைத் தூக்கி ஊரின் மேல் போட்டது. அன்று ராத்திரி 11 மணி 55 நிமிஷத்துக்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அலையில் போயிற்று. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர்கள் 5 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம் என்பார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன. இ.ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியரின் பொறுப்பில் 46 நாளில் பாலத்தை மறுபடி கட்டினார்கள். பாலம் எழுந்தது, தனுஷ்கோடி எழவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ரயிலும் அதற்குப் பிறகு ராமேஸ்வரத்தோடு நின்றுகொண்டது.

மாதா கோயிலின் இடிந்த சுவருக்குள் நின்றோம். கூரை இல்லை. பவளப் பாறையை அறுத்துக் கட்டிய சுவர்கள். ஓட்டைகளின் வழியாகக் காற்று புகுந்து 'ஊ' என்றது. பையன் என் புடவையைப் பிடித்துக்கொண்டான். அங்கே சங்கு, சோழி விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், "இங்கே பேய் இருக்கிறதாமே?" என்று அவனுக்காகவே கேட்டேன். அவர் ஓலைக் குடிசைகளைக் கை காட்டினார். "நாங்க இங்கேதான் தூங்குறோம். எம் புருஷன் ராத்திரிதான் கடலுக்குப் போறாரு. பேய்க்குப் பயந்தா காலையில கஞ்சிக்கு என்ன பண்றது?" என்றார். "அப்போ போலீஸ் ஏன் விடறதில்லை?" "வெளிச்சம் கிடையாது, பாதை கிடையாது. தண்ணி ஏறுனா வண்டித் தடம் மறைஞ்சு போகும். தெரியாத ஆளு கடல்ல காலை வச்சா இழுத்துக்கிட்டுப் போயிரும். அதுக்குத்தான்."

ஆக, பொழுது சாய்ந்தால் போகாதே என்பது நல்ல புத்திமதிதான். பேய் என்று சொன்னால் பிள்ளைகள் சீக்கிரம் கேட்கும் என்று யாரோ அதற்கு வேஷம் போட்டுவிட்டார்கள்.

ஆத்தா வைத்த சோறு

டிசம்பர் 22-ம் தேதி. சாயங்காலத்திலிருந்தே தூறல். ராத்திரி பத்து மணி வாக்கில் கொடியிலிருந்த துணியை எடுக்கக் கொல்லைக்குப் போனேன். ஆத்தா வீட்டுப் பின்கதவு திறந்திருந்தது. வாசற்படியில் ஓர் அகல் விளக்கு. பக்கத்தில் வாழையிலையில் சோறு, குழம்பு, ஒரு செம்புத் தண்ணீர். ஆத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பையன்கள் சொன்னது பொய்யில்லை! என் நெஞ்சு படபடத்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு உள்ளே வந்துவிட மனம் வரவில்லை. "ஆத்தா..." என்றேன்.

"வா தாயி" என்றார், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் போல.

ஆத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். அப்பா அங்கே கப்பலுக்கும் ரயிலுக்கும் மூட்டை தூக்கியவர். புயல் வந்தபோது ஆத்தாவுக்குப் பத்து வயது. "பாம்பன்ல எங்க அத்தைக்குப் பிள்ளை பொறந்திருந்துச்சு. அய்யா பார்க்கப் போனாரு. ராத்திரி ரயில்ல வந்துருவேன், சோத்தை மூடி வையின்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டுப் போனாரு." அம்மா மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மணல் மேட்டில் ஏறி ராத்திரி முழுக்கக் கிடந்தார். விடிந்தபோது வீடும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை, ரயிலும் இல்லை. அய்யாவின் உடல் கிடைக்கவேயில்லை.

"உடம்பைக் கண்ணால பார்க்கலையே, எப்பிடித் தாயி செத்துட்டாருன்னு நம்புறது? எங்க ஆத்தா நம்பலை. இந்த ஊருக்கு வந்து குடிசை போட்டோம். தெனம் ராத்திரி கடைசி ரயில் வந்து போற வரைக்கும் சோத்தை மூடி வச்சுட்டு முழிச்சிருக்கும். காலையில அந்தச் சோறுதான் எங்களுக்குப் பழையது. சாகுற வரைக்கும் வச்சுச்சு. அது போன பொறவு நான் வருஷத்துக்கு ஒரு நா இப்பிடி வைக்கிறேன். தெருவுல பேய்க்குச் சோறு வைக்கிறாங்கன்னு சொல்றது எங் காதுலயும் விழும். சொல்லிட்டுப் போகட்டும்."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பனங்கிழங்கைத் திருப்பி அனுப்பியது நினைவுக்கு வந்தது. "தப்பா நினைச்சுட்டேன் ஆத்தா" என்றேன். "பச்சப்பிள்ளை பயந்துச்சுன்னா எந்தத் தாயும் அப்பிடித்தான் செய்வா" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மறுநாள் பையனை ஆத்தாவிடம் அழைத்துப் போனேன். பயமுறுத்தாமல், அழுகையும் கூட்டாமல், அவனுக்குப் புரிகிற மாதிரி ஆத்தாவே சொன்னார். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாத்தாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்றான். ஆத்தா சிரித்துவிட்டார். "நண்டுக் குழம்பு" என்றார். அதற்குப் பிறகு ரயில் ஊதினால், "ஆத்தாவோட அய்யா வந்த ரயில் மாதிரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். படுக்கை நனைவது ஒரே நாளில் நிற்கவில்லை. பொங்கல் வரை அவ்வப்போது இருந்தது, பிறகு நின்றது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

இந்த ஊரை ஆங்கிலப் பத்திரிகைகளில் 'கோஸ்ட் டவுன்' என்று எழுதுவார்கள். ஆள் இல்லாமல் போன ஊர் என்பதுதான் அதற்குப் பொருள். நாமோ பேய் ஊர் என்று எடுத்துக்கொண்டோம். எனக்கென்னவோ, எந்த ஊர்ப் பேய்க்கதையாக இருந்தாலும் அதற்குள் ஒரு மனிதர் இருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கிணற்றுப் பேய் என்றால், அந்தக் கிணற்றில் விழுந்தது யார் வீட்டுப் பெண், எதற்காக விழுந்தாள்? அதைக் கேட்டால் பயம் போய்ப் பரிதாபம் வரும்.

பிள்ளைகள் பயந்தால் கேலி செய்யாதீர்கள். கதையை முழுவதும் சொல்லவிட்டு, "அந்தப் பேய் முன்னே யாராக இருந்தது?" என்று சேர்ந்து யோசியுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பகலில் அழைத்துப் போய்க் காட்டுங்கள். பனை ஓலை உரசுவதா, தகரம் ஆடுவதா, பூனையா என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். படுக்கும் முன் செல்போனில் பேய் வீடியோ வேண்டவே வேண்டாம். "சாப்பிடலைன்னா பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று ஊட்டுகிறோமே, ராத்திரி அந்தக் குழந்தை அலறினால் அது நாம் ஊட்டியதுதான்.

குழந்தை தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீறிட்டு அலறி, நம்மையே அடையாளம் தெரியாமல் விழித்து, காலையில் ஒன்றும் நினைவில்லை என்றால், அது வளரும் வயதில் வரும் ஒரு வகைத் தூக்கக் கலக்கம். உலுக்கி எழுப்பாமல், கீழே விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தானாக அடங்கும். அடிக்கடி வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் பேய்க்கதையைக் கிட்டவே சேர்க்காதீர்கள். பிரசவமான பெண் தூங்காமல், காரணமின்றி அழுது, குழந்தையைத் தொட மறுத்து, இல்லாத குரல் கேட்கிறது என்றால், "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று நாளைக் கடத்தாதீர்கள். அது நோய். வைத்தியத்தில் குணமாகிற நோய். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அதே ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே?

நாங்கள் ராமேஸ்வரத்தில் நாலு வருஷம் இருந்தோம். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு, கோடை விடுமுறைக்கு அதே ரயிலில் போனோம். பையன் இப்போது காலேஜ் படிக்கிறான். விடியற்காலை ஸ்டேஷனில் இறங்கியதும், கோயிலுக்குப் போகலாமா, ரூமுக்குப் போகலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்துப் பக்கம் நடந்துவிட்டான்.

ஆத்தா வாசலில் உட்கார்ந்திருந்தார். பார்வை கொஞ்சம் மங்கிவிட்டது. "யாரு?" என்றார்.

"நான்தான் ஆத்தா. ரயில்ல வந்தேன்" என்றான். "சாப்பிட ஏதாவது இருக்கா?"